தராசு மாறியதா, தங்கம் மாறியதா?

சென்ற இதழில் விண்மீன்களின் நிறத்தைப் பற்றிய ஒரு கேள்விக்கு விடையளிக்கும்போது, இங்கே ஓர் அணு எப்படி ஒளிர்கிறதோ அப்படியேதான் பேரண்டத்தின் எந்த மூலையிலும் ஒளிரும் என்றும், ஒளியின் வேகம், எலக்ட்ரானின் மின்னூட்டம் போன்ற இயற்கையின் அடிப்படை மாறிலிகள் எங்கும் மாறாதவை என்றும் எழுதி, அதோடு முடித்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்கள் மேசையில் குவிந்திருக்கின்றன. ஆகவே இந்த இதழில் இப்பகுதி முழுவதும் அதற்கே. ஒரே பொருளைக் கேட்ட பல கடிதங்களிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கொசுவைப் பற்றியும் மின்னலைப் பற்றியும் கேட்டவர்கள் ஓர் இதழ் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மாறிலிகள் எங்கும் மாறாதவை என்று உறுதியாக எழுதியிருந்தீர்கள். அங்கெல்லாம் யாரும் போய்ப் பார்த்ததில்லையே, ஐயா. அளந்து பார்க்காமல் சொல்வதற்கு நம்பிக்கை என்றல்லவா பெயர்?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: தலைமையாசிரியர் பிரம்பை எடுக்காமலேயே அடித்திருக்கிறார், வாங்கிக்கொள்கிறேன். "மாறாதவை" என்று நான் எழுதியிருக்கக் கூடாது. "இதுவரை அளந்த இடங்களில், அளக்க முடிந்த நுட்பத்துக்குள், மாற்றம் எதுவும் உறுதிப்படவில்லை" என்றுதான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் அளந்து பார்க்காமல் யாரும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல அனுமதியுங்கள்.

நாம் அங்கே போக வேண்டியதில்லை. அங்கிருந்து ஒளி நம்மிடம் வந்துகொண்டிருக்கிறது. குவாசர் எனப்படுபவை மிகத் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களின் மையங்கள். அங்குள்ள பெருங்கருந்துளையை நோக்கிச் சுழன்று விழும் வாயு, ஒரு மண்டலத்தின் எல்லா விண்மீன்களையும் மங்கச் செய்யும் அளவுக்குப் பிரகாசமாக ஒளிர்கிறது. அந்த ஒளி நம்மை வந்தடைவதற்குள் வழியிலுள்ள வேறு மண்டலங்களின் வாயு மேகங்களை ஊடுருவி வருகிறது. மேகத்திலுள்ள மக்னீசியமும் இரும்பும் தத்தமக்குரிய அலைநீளங்களை மட்டும் விழுங்கிக்கொள்வதால், ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையில் அந்த இடங்களில் கருங்கோடுகள் விழுகின்றன. அணுவுக்குள் எலக்ட்ரானைப் பிடித்து வைத்திருக்கும் விசை எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் அக்கோடுகள் விழும் இடம் அமைகிறது. பல பில்லியன் ஆண்டுகளுக்கு முன் அந்த மேகம் போட்ட கையெழுத்தை இன்று ஆய்வுக்கூடத்தில் அதே தனிமம் போடும் கையெழுத்தோடு வைத்துப் பார்ப்பதுதான் சோதனை.

1967ஆம் ஆண்டிலேயே ஜான் பாகால், மார்ட்டன் ஷ்மிட் என்ற இருவர், ஏறத்தாழ 2 பில்லியன் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளியில் ஆக்சிஜனின் கோடுகளை அளந்து, ஆயிரத்தில் 2 பங்கு என்ற பிழை வரம்புக்குள் அந்த விசையின் வலிமையில் மாற்றம் இல்லை என்று காட்டினார்கள். இன்று அதே சோதனை மில்லியனில் ஒரு பங்கு என்ற நுட்பத்தை எட்டியிருக்கிறது.

கேள்வி: நான் லெபோ பாசாரில் ஒரு நகைக்கடையில் வேலை செய்கிறேன். எடைக்கல்லும் தங்கமும் ஒரே விகிதத்தில் இளைத்துப்போனால் தராசுக்குத் தெரியாது. அதுபோல ஒளியின் வேகம் மாறினால் நம்முடைய அளவுகோலும் கடிகாரமும் சேர்ந்தே மாறிவிடாதா? பிறகு எதை வைத்துக் கண்டுபிடிப்பது?
— வாசகர், ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: இத்துறையில் நுழைபவர்கள் முதலில் இடறி விழும் இடம் இதுதான், நீங்கள் தராசின் முன் நின்றபடியே அதைத் தாண்டிவிட்டீர்கள்.

1983ஆம் ஆண்டிலிருந்து மீட்டர் என்பதன் பொருளே, வெற்றிடத்தில் ஒளி 1 வினாடியின் 299,792,458இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தொலைவு என்பதாகும். ஆகவே ஒளியின் வேகத்தை மீட்டர் கணக்கில் அளந்தால் எப்போதும் அதே எண்தான் வரும். மீட்டரையே அந்த எண்ணிலிருந்துதான் செய்திருக்கிறோம். 2019 மே 20 முதல் எலக்ட்ரானின் மின்னூட்டமும், ஒளியின் ஆற்றலை அதன் அதிர்வெண்ணோடு இணைக்கும் பிளாங்க் மாறிலியும்கூட அவ்வாறே வரையறையால் கட்டிவைக்கப்பட்டுள்ளன. எனவே "ஒளியின் வேகம் மாறுகிறதா" என்ற கேள்வி, எதோடு ஒப்பிட்டு என்பதைச் சொல்லாதவரை அரைகுறையான கேள்வியாகவே இருக்கும்.

மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும்: 1982 ஜனவரி 1ஆம் தேதி பிறந்தபோது தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை எல்லாம் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். மறுநாள் சூரியன் அரை மணி நேரம் தாமதமாக உதித்ததாகக் கடிகாரம் சொன்னது. சூரியனுக்கு அந்தச் செய்தியே தெரியாது. அலகோடு ஒட்டிய எண்கள் இப்படிப்பட்டவை. நாம் அலகை நகர்த்தினால் அவையும் நகரும்.

ஆகவே இயற்பியலாளர்கள் அலகே இல்லாத எண்களைத் தேடுகிறார்கள். இரண்டு வளையல்களைக் கிராமில் நிறுத்தாலும் பவுனில் நிறுத்தாலும், ஒன்று மற்றதைப் போல இரண்டரை மடங்கு என்றால் அந்த இரண்டரை மாறுவதில்லை அல்லவா? இயற்கையில் அப்படியோர் எண் நுண் கட்டமைப்பு மாறிலி. எலக்ட்ரானின் மின்னூட்டம், பிளாங்க் மாறிலி, ஒளியின் வேகம் ஆகியவற்றை உரிய முறையில் பெருக்கியும் வகுத்தும் பார்த்தால் அலகுகள் அனைத்தும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, 137.036இல் ஒரு பங்கு என்ற வெறும் எண் எஞ்சுகிறது. ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் 1916இல் அறிமுகப்படுத்திய இதற்கு ஆல்ஃபா என்று பெயர். எலக்ட்ரானை அணுவுக்குள் பிடித்து வைத்திருக்கும் மின்விசையின் வலிமையைச் சொல்லும் எண் இதுவே. எளிய படமாகச் சொன்னால், ஹைட்ரஜன் அணுவின் மிகக் குறைந்த ஆற்றல் நிலையில் எலக்ட்ரான் ஒளியின் வேகத்தில் 137இல் ஒரு பங்கு வேகத்தோடு இருக்கிறது. அந்த விகிதமே ஆல்ஃபா. புரோட்டானின் நிறையை எலக்ட்ரானின் நிறையால் வகுத்தால் வரும் 1836.15 என்பது இதே வகையைச் சேர்ந்த இன்னொரு எண். வேற்றுலகவாசிகள் எந்த அலகில் அளந்தாலும் இந்த இரண்டு எண்களும் அவர்களுக்கும் இப்படியேதான் வர வேண்டும். அப்படித்தான் வருகிறதா என்பதே இவ்விதழின் வழக்கு.

கேள்வி: நான் படிவம் 5 மாணவி. தொலைவிலிருந்து வரும் ஒளியின் அலைநீளம் செம்பெயர்ச்சியால் நீண்டுவிடும் என்று படித்திருக்கிறேன். கோடுகள் எப்படியும் இடம் மாறித்தான் வரும் என்றால், மாறிலி மாறியதால் ஏற்பட்ட இடமாற்றத்தை எப்படித் தனியே பிரிப்பார்கள்?
— மாணவி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: இதற்கு நம் நாட்டில் ரப்பரைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ஒரு ரப்பர்ப் பட்டையில் மையால் நான்கு கோடுகள் போட்டுக்கொள்ளுங்கள். பட்டையை இரு மடங்கு நீளத்துக்கு இழுத்தால் கோடுகளுக்கு இடையிலுள்ள ஒவ்வோர் இடைவெளியும் இரு மடங்காகும். ஓர் இடைவெளிக்கும் மற்றதற்கும் உள்ள விகிதம் அப்படியே இருக்கும். செம்பெயர்ச்சி செய்வது இதைத்தான், எல்லாவற்றையும் ஒரே மடங்கில் நீட்டுகிறது. ஆல்ஃபா மாறியிருந்தாலோ, பட்டையை இழுப்பதற்கு முன்பே நான்கில் ஒரு கோட்டை யாரோ சற்றுத் தள்ளிப் போட்டுவிட்டதைப் போல விகிதமே கலைந்திருக்கும்.

எல்லாக் கோடுகளும் ஒரே அளவில் கலைவதில்லை என்பதுதான் இதிலுள்ள வசதி. அணுக்கருவின் மின்னூட்டம் கூடக்கூட எலக்ட்ரான்கள் அதனருகே மேலும் விரைவாக இயங்க வேண்டியிருப்பதால், ஐன்ஸ்டைனின் சார்பியல் விளைவுகள் வலுக்கின்றன. அந்த விளைவுகளின் அளவு ஆல்ஃபாவைப் பொறுத்தது. மக்னீசியம் இலேசான அணு. அதன் 279.6, 280.3 நானோமீட்டர் கோடுகள் ஆல்ஃபா சற்று மாறினாலும் பெரிதாக அசையாமல் நங்கூரம் போல நிற்கும். இரும்பின் 238.2, 260.0 நானோமீட்டர் கோடுகள் அதைவிடப் பல மடங்கு அசையும். இரண்டையும் ஒரே மேகத்தில் ஒருசேர அளந்து ஒப்பிடும் இம்முறையை விளாடிமிர் சூபா, விக்டர் ஃபிளம்பாம், ஜான் வெப் ஆகியோர் 1999இல் முன்வைத்தபோது, சோதனையின் நுட்பம் ஒரே தாவலில் ஏறத்தாழ பத்து மடங்கு உயர்ந்தது.

அளவையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அடுத்த விடைக்கு அது தேவைப்படும். ஆல்ஃபா மில்லியனில் 10 பங்கு மாறினால், இரும்பின் கோடு நகரும் தூரம், அந்த மேகம் வினாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் கூடுதலாக நகர்ந்தால் ஏற்படும் டாப்ளர் இடமாற்றத்துக்குச் சமம். தொலைநோக்கியின் உணர்கருவியில் அது ஒரு புள்ளியின் அகலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மட்டுமே.

கேள்வி: பல ஆண்டுகளுக்கு முன், ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் மாறிலி மாறுகிறது என்று கண்டுபிடித்துவிட்டதாகவும், வானத்தின் ஒரு பக்கத்தில் அது கூடுதலாகவும் மறுபக்கத்தில் குறைவாகவும் இருப்பதாகவும் படித்தேன். அதன் பிறகு அந்தச் செய்தியையே காணோம். என்ன ஆயிற்று?
— வாசகர், பங்சார், கோலாலம்பூர்

பதில்: பரபரப்பாக வந்த செய்தி தேய்ந்து மறைந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் வெப் தலைமையிலான குழு, ஹவாயின் மௌனா கியா மலையுச்சியிலுள்ள 10 மீட்டர் கெக் தொலைநோக்கியின் பதிவுகளை ஆராய்ந்து, 1999 முதல் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுரைகளை வெளியிட்டது. 2004இல் அவர்கள் கையில் 140க்கும் மேற்பட்ட மேகங்களின் கணக்கு இருந்தது. அக்கணக்கின்படி பழைய காலத்தில் ஆல்ஃபா இன்றைய மதிப்பைவிட மில்லியனில் 5.7 பங்கு குறைவு. பிழை வரம்பு 1.1 பங்கு. பிழை வரம்பைப் போல ஐந்து மடங்கு பெரிய விளைவை, தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

அதே 2004இல் புனே நகரின் வானியல் மற்றும் வான்இயற்பியல் பல்கலைக்கழக மையத்தைச் சேர்ந்த ரகுநாதன் ஸ்ரீஆனந்த், ஹும் சந்த் ஆகியோர் பாரிஸைச் சேர்ந்த பாட்ரிக் பெத்தித்ஜான் முதலானவர்களோடு இணைந்து, சிலி நாட்டின் பரனால் மலையிலுள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கியின் பதிவுகளில் 23 மேகங்களை ஆராய்ந்தார்கள். அவர்களுக்கு மாற்றம் எதுவும் தென்படவில்லை, மில்லியனில் 0.6 பங்கு, அதன் பிழை வரம்பும் 0.6. இதை எதிர்த்து வெப் குழுவினர், கோடுகளுக்கு வளைவுகளைப் பொருத்திய கணினி முறை சரியாக வேலை செய்யவில்லை என்றும் பிழை வரம்பைக் குறைத்துக் காட்டிவிட்டது என்றும் வாதிட்டார்கள். அந்த வாதத்தில் சாரம் இருந்தது. மறு ஆய்வில் பிழை வரம்பு அகலமாயிற்று. ஆனாலும் மாற்றம் இல்லை என்ற முடிவிலிருந்து புனே குழு அசையவில்லை.

அடுத்துத்தான் நீங்கள் படித்த செய்தி வருகிறது. வெப் குழுவே சிலித் தொலைநோக்கியின் பதிவுகளைப் பெரிய அளவில் எடுத்து ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டது. கெக்கில் ஆல்ஃபா குறைவாகக் கிடைத்திருந்தது. சிலியில் அது கூடுதலாகக் கிடைத்தது. கெக் வடக்கு வானையும் சிலித் தொலைநோக்கி தெற்கு வானையும் அதிகமாகப் பார்ப்பதால், ஆல்ஃபா காலத்தால் மாறவில்லை, திசையால் மாறுகிறது என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். வானின் ஒரு திசையில் மில்லியனில் ஏறத்தாழ 10 பங்கு கூடுதல், நேர் எதிர்த்திசையில் அவ்வளவு குறைவு, நடுவே படிப்படியான சரிவு. தற்செயலாக இப்படி அமையும் வாய்ப்பு மிக மிகக் குறைவு என்பதைப் புள்ளியியலும் காட்டியது. அந்தக் கட்டுரையைப் படித்த நாள்களில் நானும் கொஞ்சம் மயங்கித்தான் போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இரண்டு கடைகள், இரண்டு தராசுகள். ஒன்றில் எடை குறைவாகவும் மற்றதில் கூடுதலாகவும் வருகிறது. தங்கத்தைச் சந்தேகிப்பதற்கு முன் எவரும் தராசைத்தானே சந்தேகிப்பார்கள்? நிறமாலைமானியில் எந்தப் புள்ளி எந்த அலைநீளம் என்பதை அறிய, தோரியமும் ஆர்கானும் அடைத்த ஒரு விளக்கின் ஒளியைச் செலுத்தி அளவுகோல் போட்டுக்கொள்வார்கள். விளக்கின் ஒளியும் குவாசரின் ஒளியும் கருவிக்குள் ஒரே பாதையில்தான் செல்கின்றன என்பது எல்லோரும் எடுத்துக்கொண்ட அனுமானம். 2015இல் ஜோனதன் விட்மோர், மைக்கேல் மர்ஃபி இருவரும் இந்த அனுமானத்தைச் சோதித்தார்கள். அதற்கு அவர்கள் எடுத்த முத்திரை எடைக்கல் சூரியன். சிறுகோள்கள் சூரிய ஒளியைத்தான் எதிரொளிக்கின்றன. சூரியனைப் போன்ற விண்மீன்களின் நிறமாலையும் ஏறத்தாழ அதுவே. இரண்டு தொலைநோக்கிகளிலும் ஏறக்குறைய 20 ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த இத்தகைய பதிவுகளைத் தோண்டி எடுத்து, நன்கறியப்பட்ட சூரிய நிறமாலையோடு ஒப்பிட்டபோது, அளவுகோல் நேராக இல்லாமல் நீண்ட தொலைவுக்கு மெல்ல வளைந்திருந்தது தெரியவந்தது. 100 நானோமீட்டர் இடைவெளிக்கு வினாடிக்கு ஏறத்தாழ 200 மீட்டர் என்ற அளவில் வளைவு! பட்டர்வொர்த் மாணவிக்குச் சொன்ன 200 மீட்டரை இங்கே நினைவுகூர வேண்டுகிறேன். தேடிய விளைவும் கருவியின் கோணலும் ஒரே பருமன் கொண்டவையாக இருந்தன. சிலி முடிவை ஏறத்தாழ முழுவதுமாகவும், கெக் முடிவை ஓரளவுக்கும் இந்த வளைவே விளக்கிவிடும் என்று அவர்கள் காட்டினார்கள்.

இதில் ஒன்றைக் குறிப்பிடாமல் விட முடியாது. மைக்கேல் மர்ஃபி வேறு யாருமல்லர். மாற்றம் உண்டு என்று முதலில் எழுதிய கட்டுரைகளில் முக்கியப் பங்காற்றியவர். தம் கடைத் தராசைத் தாமே முத்திரை அலுவலரிடம் தூக்கிச் சென்று, அது பழுதென்று தாமே எழுதி ஒட்டியிருக்கிறார்.

அதன் பின் பரனாலில் எஸ்பிரசோ என்ற புதிய நிறமாலைமானி வந்தது. விண்மீன் ஒளியும் அளவிடும் ஒளியும் ஒளியிழைகளின் வழியே ஒரே சீராகச் செல்லுமாறு அமைத்து, பழைய விளக்குக்குத் துணையாக, சமமான இடைவெளியில் ஆயிரக்கணக்கான கூரிய கோடுகளைத் தரும் லேசர் சீப்பையும் பயன்படுத்துகிறார்கள். அதைக் கொண்டு தெற்கு வானின் ஒரு பிரகாசமான குவாசரின் வழியில், 8 பில்லியன் ஆண்டுகளுக்கும் முந்தைய ஒரு மேகத்தை மர்ஃபி குழு அளந்து 2022இல் வெளியிட்ட முடிவு: மில்லியனில் 1.3 பங்கு, புள்ளியியல் பிழை 1.3, கருவிப் பிழை 0.4. சுழியத்திலிருந்து பிரித்தறிய முடியாத எண். அதே ஆண்டில், 160 ஒளியாண்டுகளுக்குள் இருக்கும் சூரியனைப் போன்ற 17 விண்மீன்களை ஒப்பிட்டு, நம் அண்டைப் பகுதியில் ஆல்ஃபாவின் வேறுபாடு பில்லியனில் 50 பங்கைத் தாண்டாது என்றும் காட்டினார்கள்.

என் மதிப்பீட்டைக் கேட்டால், வானத்தின் ஒரு பக்கம் கூடுதல் என்ற கூற்று இன்று நிற்கவில்லை. கெக்கின் பழைய முடிவில் விளக்கப்படாமல் எஞ்சியிருக்கும் பகுதியை, அக்காலத்தில் கருவியின் வளைவை அளந்து வைக்காததால் இனி முழுமையாகத் தீர்ப்பது கடினம். புதிய கருவிகளால் மீண்டும் அளப்பதே வழி.

கேள்வி: பூமியிலேயே பழங்கால அணு உலை ஒன்று கிடைத்ததாகவும், மாறிலிகள் மாறவில்லை என்பதற்கு அது சான்று என்றும் ஒரு நண்பர் சொல்கிறார். கதையா, உண்மையா?
— வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: உண்மை. 1972இல் பிரான்சின் பியர்லாட் ஆலையில், ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டு ஓக்லோ சுரங்கத்திலிருந்து வந்த யுரேனியத்தைச் சோதித்தபோது, யுரேனியம் 235இன் பங்கு வழக்கமான 0.720 விழுக்காட்டுக்குப் பதில் 0.717 விழுக்காடாக இருந்தது. வித்தியாசம் அற்பம்தான், ஆனால் அணுகுண்டு செய்யும் பொருளில் கணக்கு உதைத்தால் யாரும் சும்மா இருப்பதில்லை. தேடிப் போனபோது, ஏறத்தாழ 2 பில்லியன் ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாறைகளுக்கிடையே நிலத்தடி நீர் புகுந்து, இயற்கையாகவே அணுப்பிளவுத் தொடர்வினை நடந்திருப்பது தெரிந்தது. அக்காலத்தில் யுரேனியம் 235இன் பங்கு 3 விழுக்காடு அளவில் இருந்ததால் இது கைகூடியது; இன்றைய அணுமின் நிலையங்கள் அதே அளவுக்குத்தான் செறிவூட்டுகின்றன.

இதற்கும் ஆல்ஃபாவுக்கும் உள்ள தொடர்பை 1976இல் அலெக்சாண்டர் ஷ்லியாக்டர் கண்டார். சமாரியம் 149 என்ற அணுக்கரு மெதுவாக வரும் நியூட்ரான்களைப் பேராசையோடு விழுங்கும். அதற்குக் காரணம் 0.097 எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலில் அதற்கு வாய்த்திருக்கும் ஓர் ஒத்ததிர்வு, அதாவது அந்த ஆற்றலோடு வரும் நியூட்ரானை எளிதில் ஏற்றுக்கொள்ளும் நிலை. மில்லியன் கணக்கான எலக்ட்ரான்வோல்ட் அளவுள்ள இரண்டு பெரிய ஆற்றல்கள் ஒன்றையொன்று கழித்துக்கொண்ட பின் மிஞ்சிய துளிதான் இது என்பதால், மின்விசையின் வலிமை கடுகளவு மாறியிருந்தாலும் அந்தத் துளி இடம் பெயர்ந்திருக்கும். சமாரியம் நியூட்ரானை விழுங்கியிருக்காது. ஓக்லோவின் பாறையிலோ அது விழுங்கித் தீர்த்த அடையாளம் தெளிவாக இருக்கிறது. திபோ டாமூர், ஃபிரீமன் டைசன் இருவரும் 1996இல் இக்கணக்கைக் கவனமாக மீண்டும் செய்து, 2 பில்லியன் ஆண்டுகளில் ஆல்ஃபா ஒரு கோடியில் ஏறத்தாழ ஒரு பங்குக்கு மேல் மாறவில்லை என்றார்கள். அணுக்கருவைக் கட்டிவைக்கும் வலிய விசை இடையில் மாறவில்லை என்று எடுத்துக்கொண்டே இம்முடிவுக்கு வருகிறார்கள் என்பதை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். விண்மீன் ஒளியின் சாட்சியத்துக்கு இந்தப் பற்றுக்கோடு தேவையில்லை.

கேள்வி: ஈர்ப்பு மாறிலியும் இப்படிச் சோதிக்கப்படுகிறதா?
— வாசகி, புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு

பதில்: இந்தச் சந்தேகத்தையே தொடக்கி வைத்தது அதுதான். 1937இல் பால் டிராக், பேரண்டத்தின் வயது கூடக்கூட ஈர்ப்பு மாறிலி குறைந்துகொண்டே வருகிறது என்று கருதினார். 1948இல் எட்வர்ட் டெல்லர், அப்படியானால் முற்காலத்துச் சூரியன் இன்றைவிட மிகவும் பிரகாசமாக இருந்து பூமியின் கடல்களைக் கொதிக்க வைத்திருக்குமே என்று கேட்டார். கடலில் அக்காலத்திலேயே உயிர்கள் வாழ்ந்ததற்குப் புதைபடிவங்கள் சாட்சி. இன்று அப்பல்லோ 11, 14, 15 பயணங்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பான்களின் மீது லேசரைப் பாய்ச்சி நிலவின் பாதையைச் சென்டிமீட்டருக்கும் நுட்பமாக அளக்கிறார்கள். ஈர்ப்பு ஆண்டுக்குப் பத்து லட்சம் கோடியில் ஒரு சில பங்குக்கு மேல் மாறுவதாகத் தெரியவில்லை.

கேள்வி: இவ்வளவு நுட்பமான மாற்றம் இருந்தால்தான் என்ன, இல்லாவிட்டால்தான் என்ன? என் வாழ்க்கையில் எதைத் தொடும்?
— வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: மில்லியனில் சில பங்கு மாறினால் உங்கள் தேநீரின் சுவை மாறாது. சில விழுக்காடு மாறியிருந்தாலோ, தேநீர் குடிக்க நாம் இருந்திருப்போமா என்பதே ஐயம். விண்மீன்களின் உள்ளே மூன்று ஹீலியம் கருக்கள் கூடிக் கார்பன் பிறப்பதற்கு, கார்பன் கருவுக்கு 7.65 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் அளவில் ஓர் ஆற்றல் நிலை இருந்தே ஆக வேண்டும் என்று ஃபிரெட் ஹாயில் 1953இல் கணித்தார். தேடிப் பார்த்தபோது அது இருந்தது. மின்விசையின் வலிமை சற்றே வேறாக இருந்தால் அந்த நிலை நகர்ந்து கார்பனும் ஆக்சிஜனும் உருவாகும் விகிதம் குலைந்துவிடும். பணப் பயன் உண்டா என்று கேட்டிருந்தால், எனக்குத் தெரிந்தவரை நேரடியாக இல்லை. அதற்காக வருந்துபவனும் நானல்லன்.

கேள்வி: தொலைநோக்கியும் குவாசரும் வேண்டாம், ஆய்வுக்கூடத்திலேயே இதைச் சோதிக்க முடியாதா? நம் நாட்டில் அணுக்கடிகாரம் இருக்கிறதா?
— பொறியியல் மாணவர், செத்தாப்பாக், கோலாலம்பூர்

பதில்: இரண்டுக்கும் ஆம். மலேசியாவின் சீர்நேரத்தைச் செப்பாங்கிலுள்ள தேசிய அளவியல் கழகம் சீசியம் அணுக்கடிகாரங்களைக் கொண்டு காத்துவருகிறது. சீசியம் அணு 9,192,631,770 முறை அதிர்ந்தால் ஒரு வினாடி. ஆனால் ஒரு கடிகாரத்தைத் தனியே வைத்துக்கொண்டு, அது மாறுகிறதா என்று கேட்க முடியாது; ஜார்ஜ்டவுன் நகைக்கடை வாசகர் சொன்ன அதே சிக்கல் இங்கும் வரும். ஆல்ஃபாவுக்கு வெவ்வேறு அளவில் செவிசாய்க்கும் இரண்டு கடிகாரங்களை அருகருகே வைத்து, ஆண்டுக்கணக்கில் ஒன்றன் துடிப்பை மற்றதால் வகுத்துக்கொண்டே வர வேண்டும்.

2008இல் அமெரிக்காவின் கொலராடோவில், ஆல்ஃபாவை ஏறத்தாழ சட்டை செய்யாத அலுமினிய அயனிக் கடிகாரத்தையும், மிகவும் சட்டை செய்யும் பாதரச அயனிக் கடிகாரத்தையும் இவ்வாறு ஒப்பிட்டார்கள். 2021இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில், ஒரே இட்டெர்பியம் அயனியின் இரண்டு வெவ்வேறு தாவல்களை ஒப்பிட்டு, ஆல்ஃபாவின் மாற்றம் ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி கோடியில் ஓரிரு பங்கு என்ற எல்லைக்குள் சுழியம்தான் என்று கண்டார்கள். எண் பிரமிக்க வைக்கிறது என்றாலும், இது இன்றைக்கு, இந்த இடத்தில் நடக்கும் மாற்றத்துக்கு மட்டுமே எல்லை வகுக்கிறது; 8 பில்லியன் ஆண்டுகளுக்கு முன் வேறொரு மண்டலத்தில் நடந்ததைப் பற்றிக் கடிகாரம் வாய் திறக்காது. ஆகவே குவாசரை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். 2024இல் தோரியம் 229 என்ற அணுவின் கருவையே லேசரால் கிளர்த்தும் முயற்சி வெற்றி பெற்றிருக்கிறது. எலக்ட்ரானுக்குப் பதிலாக அணுக்கருவே துடிக்கும் கடிகாரம் இதிலிருந்து பிறந்தால், சமாரியத்தில் பார்த்த அதே கழித்தல் கணக்கின் காரணமாக, அது ஆல்ஃபாவுக்கு இன்றைய கடிகாரங்களைவிடப் பன்மடங்கு கூர்மையாகச் செவிசாய்க்கும்.

புரோட்டான், எலக்ட்ரான் நிறைகளின் விகிதத்தைச் சோதிக்கவும் ஓர் அழகான வழி இருக்கிறது. 7 பில்லியன் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மண்டலத்தில் மெத்தனால் மூலக்கூறுகள் விழுங்கிய வானொலி அலைகளை, ஜெர்மனியின் எஃபெல்ஸ்பெர்க் 100 மீட்டர் தொலைநோக்கியால் அளந்து 2013இல் வெளியிட்டார்கள். அந்த விகிதம் ஒரு கோடியில் ஒரு பங்குக்குள் இன்றைய மதிப்பேதான். விஷச் சாராயத்தில் இருக்கும் அதே மெத்தனால்தான். இந்த ஓர் இடத்தில் மட்டும் அது நம்பகமான சாட்சி.

கேள்வி: ஆல்ஃபா கூடுதலாக இருப்பதாகச் சொன்ன அந்தத் தெற்குத் திசை வானில் எங்கே இருக்கிறது? நம் ஊரிலிருந்து தெரியுமா?
— மீனவர் குடும்பத்து வாசகர், தெலுக் கும்பார், பினாங்கு

பதில்: நன்றாகத் தெரியும். விருச்சிகத்தின் கொடுக்கில் இருக்கும் மூல நட்சத்திரத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். அது தென்திசையில் உச்சத்துக்கு வரும் வேளையில், கையை நேராக நீட்டி முட்டியை மடக்கி, அதிலிருந்து நேர் கீழே இரண்டு முட்டி அளவு இறங்கினால் நீங்கள் கேட்ட இடம். ஆகஸ்டு மாத நடுவில் இரவு ஒன்பது மணிக்குச் சற்றுப் பின் அது உச்சத்தில் இருக்கும். பினாங்கில் தொடுவானுக்கு மேல் 27 பாகை, கோலாலம்பூரில் 29 பாகை உயரம். ஹவாயிலிருந்து பார்த்தால் 12 பாகைதான் எழும்பும் என்பதால் கெக் தொலைநோக்கிக்கு அது ஓரக்கண் பார்வை மட்டுமே. சிலியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வானில் நல்ல உயரத்துக்கு வரும். வெறுங்கண்ணுக்கு அங்கே மங்கலான சில விண்மீன்களைத் தவிர வேறொன்றும் இல்லை. தெலுக் கும்பார் கடற்கரை தெற்கு நோக்கியது என்பதால் உங்களுக்கு மறைக்க மரமும் இல்லை, மாடிக் கட்டடமும் இல்லை; மேகம் விலகிய இரவாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.